அம்மாவுக்குப் படித்துக் காட்டிய குரல்



இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் யார் கையில் எடுக்கிறீர்கள்? ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் அடுப்படியிலும் வாசலிலும் இருந்தபடி கேட்கும் வழக்கம் இன்னும் உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால், நான் சொல்ல வந்த செய்தி உங்களுக்கு எளிதில் விளங்கிவிடும். இல்லையென்றாலும் எனக்காக ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எனக்குக் கண் பார்வை இல்லை. இந்தக் கட்டுரையைக் கணினியில் தட்டி எழுதினேன். கணினி அதைத் திருப்பிப் படித்துக் காட்டியது. காதால் கேட்டுக் கேட்டுத்தான் பிழை திருத்தினேன். அப்படிப் படித்துக் காட்டும் குரலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அந்தக் குரலுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யாரால் கொடுக்க முடியாதோ, அவர்களுக்குத்தான் அந்தக் குரல் மிகவும் தேவைப்படுகிறது. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

லயத்து வாசலில்

நான் 1963-இல் கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போனால், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை. சம்பள நாளில் கிராணியார் காட்டும் இடத்தில் பெருவிரலை உருட்டுவதுதான் அவர் அறிந்த எழுத்து.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் எனக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்க வந்துவிட்டது. அன்று முதல் லயத்தில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. பொழுது சாய்ந்ததும் வாசலில் பாய் விரிப்பார்கள். ஊரிலிருந்து வந்த கடிதம், இரண்டு நாள் பிந்தி வந்து சேரும் 'தமிழ் நேசன்', டவுனுக்குப் போனவர் யாராவது வாங்கி வந்த சஞ்சிகையின் தொடர்கதை, எல்லாவற்றையும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். அம்மாவும் பக்கத்து வீட்டு ஆயாவும் இன்னும் நாலைந்து பெண்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

சிறுவன் அல்லவா? சீக்கிரம் முடித்துவிட்டு விளையாட ஓட வேண்டுமென்று மடமடவென்று படிப்பேன். அம்மா விடமாட்டார்.

"ஓடாதே தம்பி. நிறுத்தி நிறுத்திப் படி. கதையில பேசுறவங்க மூச்சு விட வேணாமா?" என்பார்.

படித்து முடித்ததும் ஆயா தன் வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டு கொண்டுவந்து தருவார். என் குரலுக்கு அந்நாளில் இருந்த விலை அவ்வளவுதான்.

கண் போன கதை

படிப்பு முடிந்து, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வயதிலேயே இனிப்பு நீர் வந்தது. மருந்தை ஒரு நாள் போட்டால் மூன்று நாள் மறப்பேன். இனிப்பு நீர் முற்றினால் கண்ணின் உள்ளே இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். 'கண் தெளிவாகத்தானே தெரிகிறது' என்று அசட்டையாக இருந்துவிட்டேன். தெளிவு குறையத் தொடங்கி நான் மருத்துவமனைக்கு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. 2001-இல் எனக்கு வயது 38. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டுமே தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கண் போன பிறகு என்னைக் கைப்பிடித்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸ் என்றதும் உங்களுக்குப் பூமாலைக் கடையும் புடவைக் கடையும் தீபாவளி நெரிசலும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது வேறோர் ஊர். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது அங்கேதான். பார்வையற்றோர் நடத்தும் உடம்பு பிடிக்கும் நிலையங்கள் அங்கே உண்டு. நடைபாதையில் மேடு மேடாகப் பதித்த மஞ்சள் கல்லைக் கோலால் தடவிக்கொண்டு எங்களவர்கள் நடந்து போவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி அங்கே போய்வந்து இரண்டு பாடங்கள் கற்றேன். ஒன்று, வெள்ளைக் கோல் பிடித்து நடப்பது. மற்றொன்று, காதால் கணினியை இயக்குவது.

கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறார்கள். நாம் அழுத்தும் எழுத்தையும் திறக்கும் கடிதத்தையும் அது ஒன்று விடாமல் சொல்லும். அங்கே பயின்ற நண்பர் ஒருவர் தம் கணினியைப் பேசவிட்டார். தகரக் கூரையில் கனமழை பெய்வது போல் ஒரே சடசடப்பு. ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அவரோ சிரித்தபடி வேலையை முடித்துவிட்டார். "பழகப் பழகச் சரியாப் போயிடும் அண்ணே" என்றார். நான்கு மாதங்களில் எனக்கும் பழகிவிட்டது.

மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி

அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. விலையை விசாரித்தேன். அமெரிக்காவில் செய்த அந்தத் திரைவாசிப்பான் ஆயிரம் டாலரை ஒட்டி விற்றது. டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்த காலம் அது. கணக்குப் போட்டால் 3,800 வெள்ளி. அதைச் சொந்தமாக வைத்துக்கொண்டு புதுப்பிப்பதற்கு அவ்வப்போது தனிக்கட்டணமும் உண்டு.

முதலாளி கெட்டவர் அல்லர். "இந்தக் காசுக்கு நான் இன்னொரு கணினி வாங்கி, இன்னொரு ஆளையும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாமே" என்றார். அவர் கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது. எனக்கு வேலை போயிற்று.

அம்மா அப்போது இன்னும் தோட்டத்தில்தான் இருந்தார். அவருடைய ஒரு மாதச் சம்பளம் ஐந்நூறு வெள்ளியைத் தொட்டால் அது நல்ல மாதம். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியுமா தம்பி?"

"தெரியாதும்மா. இங்கிலீஷ்தான். மலாயைக்கூட வெள்ளைக்காரன் படிக்கிற மாதிரிதான் படிக்கும்."

"அப்போ, எனக்கு ஒரு கடுதாசி வந்தா அதால படிக்க முடியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலை கிடைத்தது. அந்த வேலைக்குத் திரைவாசிப்பான் தேவையில்லை. சோற்றுக்கு வழி பிறந்தது. படிப்புக்குத்தான் வழியில்லை.

இலவசமாக வந்த குரல்

பேசும் இயந்திரம் தொடக்கத்தில் செல்வர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே எட்டியது. அமெரிக்காவில் ரேமண்ட் கர்ஸ்வைல் என்பவர் அச்சடித்த புத்தகத்தைப் படித்துக் காட்டும் இயந்திரத்தை 1976-இல் உலகுக்குக் காட்டினார். பல்லாயிரம் டாலர் விலை. 1984-இல் வந்த டெக்டாக் என்னும் பேசும் பெட்டி சுமார் 4,000 டாலர். பிறகு பெட்டி போய், கணினிக்குள் மென்பொருளாகக் குரல் புகுந்தது. விலை குறைந்தது, ஆனாலும் நம் வீட்டு வாசல்வரை வரவில்லை.

வாசல்வரை கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்பது அவர்கள் பெயர். இருவருக்கும் பார்வை இல்லை. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் நண்பர்களானவர்கள். 'பார்வையுள்ளவன் கணினியை வாங்கினால் திரையும் சேர்ந்தே வருகிறது. அந்தத் திரையைப் படிக்க எங்களிடம் மட்டும் கணினியின் விலையைவிட அதிகமாக வாங்குவது என்ன நியாயம்?' இந்த எண்ணத்தில் கரன் 2006-இல் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். இருவரும் அதை ஒரு காசும் வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அது இலவசந்தான்.

அதனுடன் ஈஸ்பீக் என்ற குரலும் வந்தது. ஜோனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. பல மொழிகளைப் பேசும். அவற்றுள் தமிழும் ஒன்று. கண் போன எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழ்ச் செய்தியை நானே படித்தேன், வாசகர்களே! யாரையும் 'கொஞ்சம் படித்துக் காட்டுங்களேன்' என்று கெஞ்சாமல் படித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில் அம்மா என்னோடு வந்துவிட்டார். தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி, கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். என்னைப் பிடித்த அதே இனிப்பு நீர் அவரையும் பிடித்திருந்தது. 2011 வாக்கில் அவருக்கும் பார்வை மங்கி, ஆள் நிழல்தான் தெரிந்தது. வீட்டில் மருமகள் வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் அவருக்குத் துணை வானொலி ஒன்றுதான்.

எனக்குக் கிடைத்த புதையலை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. கணினியின் முன் அவரை உட்கார வைத்து, தமிழில் ஒரு கதையைப் படிக்கவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"யாருப்பா இது, மூக்கடைச்சவன் டின்னுக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி! நிறுத்து சாமி, தலை வலிக்குது."

"பழகிக்கணும்மா. நான் பழகலையா?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

நான் செய்த தவறு

அன்று நான் பேசியது தவறு. அதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

எனக்கு அப்போது காது பழகியிருந்தது. பள்ளியில் படித்தவன், ஒரு சொல் காதில் சரியாக விழாவிட்டால் அதன் எழுத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வேன். எங்களில் கைதேர்ந்தவர்கள் பலர் அந்த இயந்திரக் குரலைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். வேகத்தைக் கூட்டினாலும் அது குழறாது. விசையைத் தொட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும். ஆகவே, 'இலவசக் குரல் இருக்கும்போது விலைக்குரல் எதற்கு?' என்று எங்களில் சிலரே கேட்பதுண்டு.

அம்மாவின் நிலை வேறு. எழுபது வயது. காதும் சற்று மந்தம். எழுத்து என்பதே தெரியாது. வேறு மொழி தெரியாது. கண் போனது முதுமையில். அப்படிப்பட்டவருக்கு மனிதர் பேசுவது போன்ற குரல் ஆடம்பரம் ஆகுமா? அதுதானே அவருக்கு வாசற்படி! படி உயரமாக இருந்தால் இளைஞன் தாவி ஏறிவிடுவான். கிழவி வெளியிலேயே நின்றுவிடுவாள். எண்ணிப் பாருங்கள். நல்ல குரல் யாருக்கு மிகவும் தேவையோ, அவர் கையில் காசு இல்லை. காசு உள்ளவருக்கு அது அவ்வளவு தேவையும் இல்லை.

சரி, நல்ல குரலுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஈஸ்பீக் போன்ற குரலில் மனிதர் யாரும் பேசுவதில்லை. ஓசைகளைப் பெரும்பாலும் கணக்குச் சூத்திரங்களால் கட்டுகிறார்கள். அதனால் அது கைக்கடக்கமானது. பழைய கணினியிலும் ஓடும். நல்ல குரலுக்கோ, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்துப் பல மணி நேரம் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பதிவைத் துண்டு துண்டாக நறுக்கி, வேண்டிய சொல்லுக்கு ஏற்ப ஒட்டினார்கள். இப்போது கணினியே அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு, அவர் பேசும் விதத்தைக் கற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் ஆள் வேண்டும், நாள் வேண்டும், பணம் வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். 'பழம்' என்பதிலும் 'பயம்' என்பதிலும் முதலெழுத்து ஒன்றுதான். நாம் பேசும் ஓசை வேறு வேறு. 'கடல்' என்ற சொல்லில் உள்ள ககரமும் 'நகம்' என்ற சொல்லில் உள்ள ககரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. நமக்குத் தாய்ப்பாலோடு வந்த இந்த வேறுபாட்டை இயந்திரத்துக்கு ஒவ்வொன்றாகக் கற்பிக்க வேண்டும். ஆங்கிலக் குரலென்றால் வாங்குவோர் உலகமெங்கும் உண்டு; செலவு பங்கிட்டுக்கொள்ளப்படும். தமிழ்க் குரலை விலை கொடுத்து வாங்கக்கூடிய பார்வையற்றோர் எத்தனை பேர்? அதனால் வணிகர்கள் நெடுநாள் நம் பக்கம் திரும்பவில்லை.

திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஹேமா மூர்த்தி முன்னின்று நடத்திய கூட்டு முயற்சியில், பல கல்வி நிலையங்கள் சேர்ந்து, இந்திய அரசாங்கத்தின் பணத்தில் இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தன. தமிழும் அதில் அடக்கம். அவற்றை என்.வி.டி.ஏ.வுடன் இணைக்கவும் வழி செய்தார்கள். பொதுப்பணத்தில் செய்த குரல் பொதுச்சொத்தாக நிற்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

"நிறுத்திப் படிக்குது தம்பி"

பிறகு கைப்பேசிகளில் தமிழ்க் குரல் வந்தது. தனியாகக் காசு கேட்கவில்லை. மகன் பழைய கைப்பேசி ஒன்றைத் துடைத்துக் கொடுத்தான். அதில் தமிழ்க் குரலை இறக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு நாளேட்டின் இணையப் பக்கத்தைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்தேன். டின்னுக்குள் இருந்தவன் போய்விட்டான். ஒரு பெண் பேசினாள். ஓர் ஆசிரியை வகுப்பில் வாசிப்பது போல் இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. செய்தி முழுவதையும் கேட்டார். அடுத்த செய்தியையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"இது நிறுத்தி நிறுத்திப் படிக்குது தம்பி. உன்னை மாதிரி."

வாசகர்களே, என் அம்மா எழுத்தறியாதவர். கண் நன்றாக இருந்த எழுபது ஆண்டுகளில் ஒரு வரிகூடத் தாமாகப் படித்ததில்லை. கண் போன பிறகுதான் படித்தார். வலப்பக்கம் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த செய்தி வரும் என்று கற்றுக்கொண்டார். மாலையில் நான் வேலை முடிந்து வந்தால், எனக்கு முன்பே நாட்டு நடப்பை அறிந்து வைத்திருப்பார். 2022-இல் அவர் காலமாகும் வரை அந்தக் கைப்பேசி அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கு இன்றும் உண்டு. 2011-இலேயே இப்படி ஒரு குரல் எங்கள் கைக்கு எட்டியிருந்தால், சுவரைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்த அத்தனை பகற்பொழுதும் வீணாகியிருக்காது.

இன்றைய கணக்கு

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். பாதி சரியாகியிருக்கிறது. கூகுளின் குரல் உள்ள கைப்பேசிகளில் தமிழ் இலவசம். ஆப்பிள் கைப்பேசியில் 'வாணி' என்ற தமிழ்க் குரலும், விண்டோஸ் கணினியில் 'வள்ளுவர்' என்ற குரலும் இருக்கின்றன.

ஆனால் இன்று செயற்கை அறிவால் இயங்கும் புதுக்குரல்கள் வந்திருக்கின்றன. மூச்சு விடுவது போலவே பேசுகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் மலேசியத் தமிழுக்கென்றே 'கனி', 'சூர்யா' என்று இரண்டு குரல்கள் வைத்திருக்கிறது. அதன் எட்ஜ் உலாவியில் ஓர் இணையப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னால் அக்குரல்களைக் காசில்லாமல் கேட்கலாம். ஆனால் அவை இருப்பது எங்கோ தொலைவிலுள்ள பெரிய கணினிகளில். இணையம் அறுந்தால் ஊமையாகிவிடும். வேறு மென்பொருளில் இவ்வகைக் குரல்களைப் பூட்டி வேலை வாங்குவதானால், தண்ணீர் மீட்டர் போல எழுத்துக்கு எழுத்து கணக்கு ஓடும். பத்து லட்சம் எழுத்துக்குச் சுமார் 16 அமெரிக்க டாலர் என்ற அளவில் பெரிய நிறுவனங்கள் வாங்கி வந்திருக்கின்றன.

பத்து லட்சம் எழுத்தென்றால் பெரிதாகத் தோன்றும். என் காதின் வேகத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்து ஓடிவிடும். நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்குப் பார்த்தேன். மாதம் 330 டாலருக்கு மேல் வருகிறது. டாலருக்கு நான்கு வெள்ளி என்று வைத்தாலும் 1,300 வெள்ளி! இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கொஞ்சம் இலவச ஒதுக்கீடு தருகிறார்கள். எனக்கு அது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. 'தோட்டம்' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. கணினி காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் ஏழு. தமிழனுக்கு மீட்டர் சற்று வேகமாகவே ஓடுகிறது!

நம்மால் ஆவது

குறை சொல்லிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது. நம்மால் ஆவது என்ன என்று மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெரியவர் எவருக்கேனும் பார்வை மங்கியிருந்தால், கையில் இருக்கும் கைப்பேசியிலேயே குரலைத் திறந்து கொடுங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கு டாக்பேக் என்று பெயர், ஆப்பிளில் வாய்ஸ்ஓவர். அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. திறந்ததும் தொடும் முறை மாறிவிடும். ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் 'போன் கெட்டுப்போச்சு' என்று பயந்து பலர் அணைத்துவிடுகிறார்கள். குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். வேகத்தைக் குறையுங்கள். 'பழகிக்கொள்' என்று என்னைப் போல் அதட்டாமல், பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள்.

இரண்டாவது, எங்களுக்குச் செய்தி அனுப்பும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். 'நாளைக்கு வர்றேன் அண்ணே' என்பதை ரோமன் எழுத்தில் தட்டி அனுப்பினால், எவ்வளவு விலையுயர்ந்த குரலும் அதைக் கடித்துக் குதறித்தான் படிக்கும். ஒரே செய்தியில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து ரோமன் எழுத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். கணினியில் தமிழ் எழுதுவதற்கு 1985-லேயே முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் அல்லவா? அந்தப் பெருமையைக் கைப்பேசியிலும் காப்பாற்றுங்கள். திருமண அழைப்பையும் கோயில் திருவிழா அறிவிப்பையும் படமாக மட்டும் அனுப்பாமல், கீழே நாலு வரி எழுத்திலும் போடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்றாவது, சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் காலத்தில் பார்வையற்றோருக்கு அரிசியும் எண்ணெயும் தருகிறீர்கள். நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். அதோடு ஆண்டுக்கு ஒருவருக்காவது நல்ல கைப்பேசியும், தேவைப்பட்டால் விலை கொடுத்து வாங்கும் குரலும், அதைப் பழக்கிவிட ஓர் இளைஞரும் கிடைக்கச் செய்யுங்கள். தனி ஒருவருக்கு மலையாகத் தெரியும் விலை, பத்துப் பேர் சேர்ந்தால் மண்மேடு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கிய சமூகம் நாம். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடக்கும் பெரிய சாலைக்கு அவர் பெயர்தான். தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு குரலை வாங்க முடியாதா?

நல்ல குரல் இலவசமாகவே வரும் நாளும் வரும். முன்பு பல்லாயிரம் டாலர் விலைபோனது இன்று மடியில் கிடக்கிறதே! ஆனால் முதியவர்களுக்குக் காத்திருக்க நாள் இல்லை. அதனால்தான் இன்று கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த இதழை மூடி வைக்குமுன், உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கண் தெரியாத, எழுத்துத் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இதிலிருந்து ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். ஓடாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.